காற்றின் மேலாடை

பென்னாகரம் சாலையோரக் களத்தில் இன்று காலை ஒரு பாட்டி, கேழ்வரகு தூற்றுவதற்காக முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "வாயு பகவானே, கொஞ்சம் வா சாமி" என்று அழைத்துக்கொண்டிருந்தார்.

காற்று வந்தது. உமி விலகி ஓடியது. அவருடைய முந்தானை தோளுக்குப் பின்னால் பெரிய வளைவாக உப்பி நின்றது.

அந்த வளைவை நான் படங்களில் கண்டிருக்கிறேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட குஷாண மன்னர் கனிஷ்கரின் நாணயங்களில், தலைமுடி பறக்க, உப்பிய மேலாடையை இரு கைகளாலும் பற்றியபடி ஓடும் காற்றுத் தெய்வத்தின் பெயர் 'ஓஅடோ' என்று கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஜப்பானின் கியோட்டோ நகரில், சான்ஜூசான்கென்தோ கோயிலில் உள்ள ஃபூஜின் என்ற காற்றுத் தெய்வத்தின் 13ஆம் நூற்றாண்டுச் சிலையில் அந்தத் துணி, தோளில் சுமக்கும் காற்றுப் பையாகியிருக்கிறது. கிரேக்கக் காற்றுத் தெய்வத்தின் உருவம் நடு ஆசியா வழியாகப் பௌத்தத்தோடு கிழக்கே சென்ற பாதை இது என்று கலை வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர்.

நம் வாயு வடமேற்குத் திசையின் காவலர். மான் வாகனம், கையில் கொடி. கொடியும் துணிதானே!

கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு உருவம் தரவேண்டிய சிற்பிகள், இத்தனை தொலைவான ஊர்களிலும் துணியையே பற்றிக்கொண்டது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது.

ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலத்துக் காற்றுப் பாடலோ, அவனுடைய ஓசை கேட்கிறது, உருவம் தெரிவதில்லை என்று சொல்கிறது. வாயுத்தலமான திருக்காளத்தியில் கருவறை விளக்கின் சுடர் அசைவதையே காற்றின் அடையாளமாகக் காட்டுகிறார்கள். எல்லாச் சிலைகளையும்விட எனக்கு நெருக்கமாக இருப்பது அதுதான்.