கள்ளனுக்குத் தெரியாத நாய்

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரக் கடையொன்றில் இணையத்தில் வரும் ஓடர்களைப் பார்ப்பது சில காலம் என் வேலை. கனடா, லண்டன், நோர்வே என்று இருக்கும் பிள்ளைகள் அட்டையில் காசு கட்டுவார்கள். நாங்கள் விசுவமடு, முள்ளியவளை, மல்லாவி என்று ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுப்போம். கேக், அரிசி மூட்டை, சேலை, இடைக்கிடை கைத்தொலைபேசி.

அட்டைக்காரர் ஒரு நாட்டில் இருக்க, பொருள் இன்னொரு நாட்டுக்குப் போனால் கவனம் என்று வங்கியில் சொல்லித் தந்தார்கள். எங்களுக்கு வந்த ஓடர் முக்கால்வாசி அப்படித்தான்!

ஒருநாள் காலையில் பார்த்தால், இரவோடிரவாக மூன்று கைத்தொலைபேசிகளுக்கு ஓடர். ஒரே ஆள் பத்து நிமிடத்துக்குள் நான்கு அட்டைகளைப் போட்டுப் பார்த்து, நான்கும் மறுக்கப்பட்டு, ஐந்தாவது ஏறியிருந்தது. நிறம் பற்றிக்கூட ஒரு சொல் இல்லை. இன்றைக்கே வேண்டும், வீட்டுக்கு வேண்டாம், மாங்குளம் சந்தியில் தம்பி வந்து எடுப்பார், அவ்வளவுதான். வெளிநாட்டு ஆட்கள் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று ஓ.டி.பி., அதாவது அட்டைக்காரரின் போனுக்கு வங்கி அனுப்பும் ஒருமுறை இரகசிய எண், கேட்பதை முதலாளி அப்போது நிறுத்தி வைத்திருந்தார். பெரிய ஓடர் என்ற சந்தோசத்தில் நானும் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அட்டையின் உண்மையான சொந்தக்காரர் தன் வங்கியில் முறையிட, காசு எங்கள் கணக்கிலிருந்து திரும்பிப் போனது. போன் போனது போனதுதான். ஓ.டி.பி. கேட்டிருந்தால் அந்த நட்டம் பெரும்பாலும் அட்டை கொடுத்த வங்கியின் தலையில் விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாரும் கள்ளர். நோர்வேயிலிருந்து ஒரு பிள்ளை அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குச் சொன்ன கேக்கை மறித்து வைத்தேன். “அண்ணா, அப்ப நாளைக்கோ வெட்டுறது?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் ஓடரோடு வரும் குறிப்புகளை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் பக்கம் வீட்டிலக்கத்தை வைத்து வீடு தேட முடியாது. “பிள்ளையார் கோவிலடியால் திரும்பி ரெண்டாவது ஒழுங்கை, நாய் கடிக்கும், கேற்றில நிண்டு கூப்பிடுங்கோ” என்று எழுதுகிறவர் அந்த வீட்டில் வளர்ந்தவர். திருட்டு அட்டையோடு வருகிறவன் ஊர்ப்பெயரோடு நிறுத்திவிடுவான். ஊருக்குள்ளேயே கள்ளனுக்கு ஆள் இருந்தால் இதுவும் எடுபடாது என்பது வேறு கதை.

முதலாளி ஓ.டி.பி.யைத் திரும்பப் போட்டார். கைத்தொலைபேசி ஓடர் என்றால் அனுப்ப முதல் நான் அந்த வீட்டுக்கு ஒரு அழைப்பும் எடுப்பேன். அதனால் எத்தனையோ பிறந்தநாள் இரகசியங்கள் உடைந்தன. அதற்கும் ஏச்சு வாங்கினேன்.