உப்புக்காற்றும் லித்தியம் பேட்டரியும்

பாம்பன், மண்டபம் பக்கம் மின்சார ஸ்கூட்டரை வாசல் நடையிலேயே சார்ஜ் போட்டுவிட்டுப் படுப்பவர்கள் கவனிக்க. தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான். ஓலைக் கொட்டகை, வலைக்குவியல் இல்லாத திறந்த இடமாகப் பாருங்கள், அதுவும் விழித்திருக்கும் நேரத்தில்.

நம் கரைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு: உப்பு. சார்ஜர் முனையில் பச்சையாகப் பூத்திருந்தால் அங்கே மின்தடை கூடிச் சூடேறும். கடல் தண்ணீரில் முங்கிய டார்ச்சோ பவர்பேங்க்கோ காய்ந்ததும் வெளிச்சம் தரலாம், சார்ஜும் ஏறலாம். நம்பாதீர்கள். உள்ளே தங்கிய உப்பு ஷார்ட் ஆக்கி, பல நாள் கழித்தும் பற்றலாம். அரிசிக்குள் புதைக்கிற வைத்தியமெல்லாம் இதற்கு ஆகாது.

அப்புறம், வீங்கிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்று இறக்கும் புண்ணியவான்களே, உள்ளே இருப்பது காற்றில்லை, எரியக்கூடிய வாயு!

புகை கிளம்பினால் அது விஷப்புகை. எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 101-க்கு அடியுங்கள். மணலைக் கொட்டினால் அடங்கிவிடும் என்று நினைக்கிறோம். மணல் உள்சூட்டைத் தணிப்பதில்லை. அணைந்த பேட்டரி சில மணி நேரம், ஏன் சில நாள் கழித்தும் மறுபடியும் பற்றலாம், அதனால் அதை வீட்டுக்குள் எடுத்து வரவே வேண்டாம்.