கனடா அயனும் கொழும்பு கரண்டும்

வீட்டில் கரண்ட் கேத்தில் இருந்தால் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு அடியைத் திருப்பிப் பாருங்கள். எங்களுடையதில் 220–240 வோல்ற், 1850–2200 வாற் என்று போட்டிருக்கிறது. ஏன் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகப் போடுகிறார்கள்? 220-ஐ 220-ஆல் பெருக்கி 1850-ஆல் வகுத்தால் 26.16 வரும். 240-ஐ 240-ஆல் பெருக்கி 2200-ஆல் வகுத்தால் 26.18. அதாவது இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் சூடேற்றும் சுருளின் தடை, அதாவது அது கரண்டை மறிக்கும் அளவு, 26 ஓம் சொச்சம். வயரைச் சுவரிலிருந்து கழற்றி, கேத்திலின் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டு, பிளக்கின் நீளக் காலை விட்டு மற்ற இரண்டு கால்களிலும் மல்ரிமீற்றரை வைத்தால், மீற்றரும் கிட்டத்தட்ட அதையே காட்டும். சுவரில் குத்தியபடி ஓம் அளக்கப் போகவேண்டாம். மீற்றரும் போய்விடும், நீங்களும் போய்விடுவீர்கள்.

இதில் உள்ள கணக்கு எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வோல்ற்றை அம்பியரால் (ஓடும் கரண்டின் அளவு) வகுத்தால் தடை. ஜேர்மனியில் ஆசிரியராக இருந்த ஓம் 1827இல் புத்தகமாகப் போட்ட விஷயம். வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் வலு, அதாவது வாற். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால், வோல்ற்றின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தாலும் வாற் கிடைக்கும். அந்த வர்க்கத்தில்தான் எல்லா வில்லங்கமும் இருக்கிறது.

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருப்பவனுக்கு அந்த வில்லங்கம் அனேகமாக ரொறன்ரோவிலிருந்துதான் வரும். மேல்மாடி மாமியின் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஒரு நல்ல பாரமான அயன் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள்.

“தம்பி, இதுக்குப் பிளக்கை மட்டும் மாத்திக் குத்தினாச் சரிதானே? பெட்டாவில அடப்டர் விக்கிறாங்களாம்.”

“பொறுங்கோ மாமி, ஸ்ரிக்கரைப் பாப்பம்.”

120 வோல்ற், 1000 வாற். சரி, முதலில் தடை: 120-இன் வர்க்கம் 14,400. அதை 1000-ஆல் வகுத்தால் 14.4 ஓம். கனடாவில் இது இழுப்பது 8.3 அம்பியர். சாதுவான அயன். இதையே இங்கே குத்தினால் சுருள் மாறப்போவதில்லை, அதே 14.4 ஓம்தான். (சூடேறும்போது தடை கொஞ்சம் கூடும், ஆனால் அயன் சுருளில் அது பெரிய விஷயமில்லை.) மாறுவது வோல்ற் மட்டும்: அங்கே 120, இங்கே 230. 230-ஐ 14.4-ஆல் வகுத்தால் 16 அம்பியர். அதை 230-ஆல் பெருக்கினால் 3,670 வாற். வோல்ற் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடோ மூன்றரை மடங்குக்கு மேல்.

மருமகன் போனில் சொன்னாராம், “அதுக்குள்ள தெர்மோஸ்டாற் இருக்கு, தானா நிப்பாட்டும்” என்று. நிற்பாட்டும்தான். ஆனால் தெர்மோஸ்டாற் சூட்டை உணர்ந்து விலகுவதற்குள் சுருளின் சூடு எங்கேயோ போயிருக்கும். எட்டு அம்பியருக்கென்று செய்த அதன் தொடுமுனை பதினாறு அம்பியரைத் திரும்பத் திரும்ப வெட்டினால் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு நிற்பாட்ட ஆளில்லை. ஃபியூஸ் காப்பாற்றும் என்பதும் வீண் நம்பிக்கை. பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் ஃபியூஸ் 16 அம்பியருக்கு உடனே எரியாது, நெடுநேரம் தாங்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். பழைய வீடுகளில் உருண்டைக் கால் பிளக் பொயின்ற் இருக்கிறதே, அதில் பெரியதே 15 அம்பியர்தான்.

இதைவிட மோசம் தலைமயிர் காயவைக்கும் டிரையர். அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறவற்றில் 125 வோல்ற், 1875 வாற் என்று அடிக்கடி பார்க்கலாம். அங்கே சாதாரண லைன் ஒன்று 15 அம்பியர், அதன் விளிம்பு வரை போயிருக்கிறார்கள். தடை 8.3 ஓம். இங்கே குத்தினால் 27 அம்பியருக்கு மேல், 6,300 வாற். கேத்தில் மூன்றை ஒரே வயரில் போட்ட மாதிரி. பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் அதைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள்.

அப்ப மடிக்கணினிச் சார்ஜர்? அதற்கு இந்தக் கணக்கே பொருந்தாது. 100–240 வோல்ற் என்று போட்டிருந்தால் தைரியமாகக் குத்தலாம். உள்ளே இருக்கும் சுற்று தனக்குத் தேவையான வாற்றை மட்டும் எடுக்கும், வோல்ற் கூடினால் அம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு நிலையான தடை என்று ஒன்று கிடையாது, மீற்றர் வைத்து அளப்பதும் வீண் வேலை. பழைய குண்டு பல்பும் ஏமாற்றும்: 60 வாற் பல்ப் எரியும்போது 880 ஓம், ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது.

மாமியின் அடுத்த கேள்வி ட்ரான்ஸ்போமர், அதாவது வோல்ற்றை இறக்கித் தரும் பெட்டி. பெட்டா முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், பெரும்பாலும் 110 வோல்ற் தருவது. 110-இன் வர்க்கத்தை 14.4-ஆல் வகுத்தால் 840 வாற். அயன் கொஞ்சம் சோம்பலாகச் சூடேறும், பரவாயில்லை. ஆனால் 1000 வாற்றைச் சும்மா தாங்கக்கூடிய ட்ரான்ஸ்போமர் என்றால் செங்கல் பாரம். அதைத் தூக்கி வைத்து ஒரு சட்டை அயன் பண்ணுவதைவிட இங்கேயே ஒரு அயன் வாங்கலாம் என்பது என் கட்சி. மாமிக்கு அது பிடிக்கவில்லை, மகள் கொண்டுவந்ததல்லவா. ட்ரான்ஸ்போமரை வாங்கத்தான் போகிறா. 1500 வாற் என்று போட்டதைப் பார்த்து வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

அந்த ட்ரான்ஸ்போமரில் கனடா மேசை விசிறியையும் போடலாமா என்று கேட்டா. வோல்ற்றை இறக்கும், ஆனால் அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 சுற்று, இங்கே 50. அதை ட்ரான்ஸ்போமர் மாற்றாது. விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், மோட்டரும் கூடச் சூடாகும்.