மரூலா மரத்தடியில் காத்திருந்த கழுதைப்புலி

தென்னாப்பிரிக்காவில் சிறுத்தை பார்க்க எங்கே போகலாம் என்று விசாரித்தால், பெரும்பாலும் வரும் பதில் சாபி சாண்ட். க்ரூகர் தேசியப் பூங்காவை மேற்கே ஒட்டிக் கிடக்கும் தனியார் காடு அது. பரப்பு ஏறக்குறைய 65,000 ஹெக்டேர். நடுவில் இருந்த வேலியை 1993-ல் எடுத்துவிட்டதால் விலங்குகளுக்கு எல்லை கிடையாது. நமக்குத்தான் உண்டு. க்ரூகரில் சொந்தமாகக் கார் ஓட்டிப் போகிறவர்கள் சாலையை விட்டு இறங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சாபி சாண்டில் விடுதி வண்டிகள் புதருக்குள்ளும் இறங்கும், இருட்டிய பிறகும் சுற்றும். சிறுத்தை பார்ப்பதற்கு இவை இரண்டும் பெரிய வசதி.

ஜூலை அங்கே குளிர்காலம். திறந்த வண்டியில் விடியற்காலைக் காற்று முகத்தை அறுத்தது. கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுத்திருந்தார்கள், போதவில்லை. எங்களுக்கே இப்படியென்றால், வண்டியின் முன்மூக்கில் தனி இருக்கை போட்டு உட்கார்ந்திருந்த ட்ராக்கருக்கு, அதாவது தடம் பார்த்து விலங்கைத் தேடித் தருபவருக்கு, எப்படி இருந்திருக்கும்! சாங்கான் இனத்தைச் சேர்ந்த நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். நாங்கள் மரங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வர, அவர் தரையைத்தான் பார்த்தார்.

மணலில் ஒரு தடத்தைக் கண்டதும் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினார். குனிந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். தடத்தின் மேலேயே பூச்சிகள் ஊர்ந்த கோடுகள் இருந்தன. சிறுத்தை போய் வெகுநேரம் ஆன பிறகுதானே பூச்சி அதன் மேல் ஊர்ந்திருக்கும்? எனக்கும் கண் இருந்தது, ஆனால் தெரிந்ததெல்லாம் வெறும் மணல்தான்.

அடுத்த தடம் புதியது. அளவு சிறியது, பெண் என்றார். கொஞ்ச தூரத்தில் இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்று மூக்கால் சீறின. சிங்கம், சிறுத்தை போன்ற வேட்டை விலங்கு கண்ணில் பட்டால் அவை அப்படி நிற்கும். அப்புறம் காற்றில் ஒரு வாசனை, சூடான பாப்கார்ன் மாதிரி. சிறுத்தை தன் எல்லையைக் குறிக்கப் புதர்களில் பீய்ச்சிவிட்டுப் போவதன் மணம் என்றார் எங்கள் வழிகாட்டியான ரேஞ்சர். புலி பீய்ச்சுவதில் பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இருப்பதை இந்திய விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே சிரிக்காமல் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

இலையுதிர்ந்த மரூலா மரத்தின் கவட்டில் இம்பாலா ஒன்று தொங்கியது. பக்கத்துக் கிளையில் வயிறு புடைக்க அவள் படுத்திருந்தாள். நாற்பது கிலோகூடத் தேறாத உடம்பு, ஏறக்குறைய தன் எடை உள்ள மானைக் கழுத்தில் கவ்வியபடி செங்குத்தாக ஏற்றியிருக்கிறது. காரணம் கீழேயே உட்கார்ந்திருந்தது: ஒரு கழுதைப்புலி, ஏதாவது விழாதா என்று. இலங்கையின் யாலாவில் சிறுத்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே அதனிடமிருந்து பிடுங்கித் தின்னச் சிங்கமும் கிடையாது, கழுதைப்புலியும் கிடையாது.

ரேஞ்சர் தொலைநோக்கியை என்னிடம் தந்து மீசையைப் பார்க்கச் சொன்னார். மேல்வரிசை மீசை முடிக்கும் மேலே வலப்பக்கம் மூன்று புள்ளிகள், இடப்பக்கம் இரண்டு. ஆளை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். இவளுடைய அம்மாவின் எல்லை அடுத்த ஓடைக்கு அப்பால் இருக்கிறதாம். பெண் குட்டிகள் வளர்ந்ததும் தாயின் பக்கத்திலேயே இடம் பிடிக்கும், ஆண்கள் தொலைதூரம் போய்விடும். புதிதாக எல்லையைப் பிடிக்கும் ஆண், பழைய ஆணின் குட்டிகளைக் கொன்றுவிடும். இவள் போன ஈற்றை இழந்ததும் அப்படித்தான் என்றார்.

எங்களை அவள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அது தானாக வந்த சகஜம் அல்ல. 1970-களின் கடைசியிலிருந்து இங்குள்ள லண்டோலோசி விடுதியின் காட்டில், துரத்தாமல், நெருக்காமல், தாய் சிறுத்தை ஒன்றைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பழக்கினார்கள். வண்டியைக் கண்டு மிரளாத தாயின் குட்டியும் மிரளுவதில்லை. வண்டியோடு சேர்ந்த ஒரே உருவமாகத்தான் அது நம்மைப் பார்க்கிறது. எழுந்து நின்றால் அந்தக் கணக்கு கெட்டுவிடும், அதனால் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. அவளைப் பார்க்க நாங்கள் எத்தனை செடிகளை மிதித்து ஏறி வந்தோம்! ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருப்பது நல்லதுதான். ரேடியோவில் அடுத்த வண்டி வரிசை கேட்டது, கிளம்பிவிட்டோம். கழுதைப்புலி மட்டும் நகரவில்லை.

இந்த விடுதிகளின் வாடகை நமக்கெல்லாம் கட்டுபடியாகாது, நானும் நீண்ட நாள் சேர்த்துத்தான் போனேன். பணம் இல்லையென்றால் க்ரூகரில் ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை ஆற்றை ஒட்டிப் போகும் தார்ச்சாலையில் சொந்தமாகக் கார் ஓட்டிப் பாருங்கள். சிறுத்தைக்குப் பேர்போன சாலை. வாயில் திறந்ததும் முதல் ஆளாகக் கிளம்புங்கள், ஆற்றோரப் பெரிய மரங்களின் கிடைமட்டக் கிளைகளில் வால் ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். மலேரியா உள்ள பகுதி, மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.