பேசிய நேரம்

மே 10, 2021, கோவை

கொரோனா முழு ஊரடங்கு இன்றிலிருந்து. அண்ணனுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91.

ஆக்சிஜன், படுக்கை எங்கே கிடைக்கும் என்று காலையிலிருந்து வந்து குவிந்த மெசேஜ் எல்லாவற்றிலும் 'வெரிஃபைட்' என்று இருக்கிறது. யார் பேசினார்கள், எப்போது பேசினார்கள், ஒன்றிலும் இல்லை. ஒரே சிலிண்டர் நம்பர் வேறு வேறு பெயரில் நாலைந்து குரூப்பில் சுற்றுகிறது. கூப்பிட்டேன். எடுத்தவர் அழாத குறை. "எங்கிட்ட தீந்து மூணு நாளாச்சுங்க்கா. ராத்திரியெல்லாம் போன் வருது. அந்த மெசேஜ யாராச்சும் நிறுத்தச் சொல்லுங்க்கா."

எப்படி நிறுத்துவது? அது இப்போது எத்தனை போனில் இருக்கிறதோ.

மே 11

எங்கே படுக்கை, எங்கே ஆக்சிஜன் என்று போன் செய்து கேட்டு நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவைக்கிற கூகுள் ஷீட்டில் 'பேசிய நேரம்' என்று ஒரு கட்டம் சேர்த்தாயிற்று. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், செமிகோலன் நான்கையும் சேர்த்து அழுத்தினால் தேதியும் நேரமும் தானாக விழுந்துவிடும். மொபைலில் இருந்து வேலை செய்கிற பிள்ளைகள் கையால்தான் அடிக்க வேண்டும். பரவாயில்லை, அடிக்கட்டும். நேரம் இல்லாத வரிசையை யாருக்கும் அனுப்பக் கூடாது.

பேசி நாலு மணி நேரம் தாண்டினால் வரிசை தானாகச் சாம்பல் நிறத்துக்குப் போகும்படி வைத்தேன். செட்டிங்ஸில் கணக்கீட்டை 'நிமிடத்துக்கு ஒருமுறை' என்று மாற்ற வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் யாராவது எதையாவது தொடும்வரை கடிகாரம் நகராது, பழைய படுக்கை புதிது போலவே நிற்கும்.

மே 12

மத்தியானம் இரண்டு மணிக்கு ஷீட் முழுக்கச் சாம்பல்.

மே 13

இன்று நம்பர்களோடு மல்லுக்கட்டல். ஒரே போன் நம்பரை ஒருவர் நாட்டுக் குறியீடு 91 சேர்த்துப் போடுகிறார், ஒருவர் முன்னால் சைபர், இன்னொருவர் நடுவில் இடம் விட்டு. கண்ணுக்கு மூன்று பேர், கம்ப்யூட்டருக்கும் மூன்று பேர். இடைவெளியை எல்லாம் நீக்கிவிட்டு வலது பக்கத்துப் பத்து இலக்கத்தை மட்டும் எடுக்க ஒரு ஃபார்முலா, அதன்மேல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ண ஒரு கவுண்ட்இஃப். இரண்டாவது தடவை வந்தால் சிவப்பு. போட்டதும் பாதி ஷீட் சிவந்துவிட்டது. நம்மிடம் நிறைய வழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இருந்தது கொஞ்சம்தான்.

நடுவில் யாரோ சிங்காநல்லூரை மட்டும் பார்க்க ஃபில்டர் போட, நான் அடித்துக்கொண்டிருந்த வரிசையே என் திரையிலிருந்து காணாமல் போனது. ஃபில்டர் வியூ எப்படிப் போடுவது என்று எல்லாருக்கும் குரல் பதிவு அனுப்பினேன். அவரவர் பார்வை அவரவருக்கு மட்டும், மற்றவர் திரை அசையாது. ஒரு படுக்கைக்காகப் போனைக் காதில் வைத்திருக்கிறவருக்கு அந்த அசையாமை வேண்டும்.

அண்ணி எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். 90.

மே 14

88.

மே 15

தூக்கம் இல்லை. மூன்று மணிக்கு ஷீட்டைத் திறந்தால் மேலே ஒரு வட்டம்: அனானிமஸ் கேபிபாரா. லாகின் செய்யாமல் பார்க்கிறவர்களுக்கு கூகுள் வைக்கிற மிருகப் பெயர். பகலில் வந்து போவது தெரியாது. இந்த நேரத்தில் ஒன்றே ஒன்று, போகவே இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் யாரும் எங்கும் பேசவில்லை, அத்தனையும் சாம்பல். அந்தச் சாம்பலில் யாரோ தேடிக்கொண்டிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வழி இல்லையே.

மே 16

இரண்டாம் தாவலில் நோயாளிகளின் பெயர், வயது, வீட்டு நம்பர் எல்லாம் திறந்து கிடக்கிறது. பார்த்தாலே பதறுகிறது. அந்த நம்பர்களுக்குத்தான் "முன்பணம் போடுங்க, சிலிண்டர் வாசலுக்கு வரும்" என்று போன் போகிறது. கேட்பவர்கள் எல்லாரும் இனி கூகுள் ஃபார்மில் போடட்டும். அது விழுகிற ஷீட் எங்கள் சிலருக்கு மட்டும் திறக்கும். பொது ஷீட் பார்க்க மட்டும், திருத்த முடியாது. "உதவ வர்றவங்களத் தடுக்கறீங்களேக்கா" என்று ஒரு தம்பிக்கு வருத்தம். ஆனால் ஏமாந்தவர் வீட்டிலிருந்து வந்த போனை அவன் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன்.

மே 17

ஷீட்டின் முதல் வரியை உறைய வைத்து எழுதினேன்: 'இரவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அரசு மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள். ட்விட்டரில் பெட்ஸ்ஃபார்டிஎன் என்ற ஹேஷ்டேக்கோடு எழுதுங்கள். எங்களுக்கும் போன் செய்யலாம், எடுப்போம்.' கீழே நம்பர்.

2:40க்கு அடித்தது. துடியலூர். அம்மாவுக்கு 84. அந்தப் பெண் பேசப் பேசப் பின்னால் அந்த அம்மாவின் மூச்சுச் சத்தம். குப்புறப் படுக்கவைக்கச் சொன்னேன். 104க்கும் 108க்கும் இரண்டு பேர் பேசினோம். ஐந்து மணிக்கு இடம் கிடைத்துவிட்டது.

மே 18

ரெம்டெசிவிர் மருந்து இனி தனியார் மருத்துவமனைகளுக்கே நேராகப் போகிறது, வீட்டு ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டாம். அந்தத் தாவலை மொத்தமாக எடுத்தேன். இத்தனை நாள் உழைப்பாயிற்றே, இருக்கட்டும் என்றார்கள். இருந்தால் யாராவது நம்புவார்கள். சேர்ப்பதற்கு நூறு பேர் இருக்கிறார்கள். அழிப்பதற்கும் ஆள் வேண்டும்.

89.

மே 19

சொந்தக்காரர் குரூப்பில் கபசுரக் குடிநீரும் குட் மார்னிங்குமாகக் கொட்டுகிறது. நடுவில் "இப்ப எப்படி இருக்கு" என்று ஆளாளுக்கு. அண்ணி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியே ஓய்ந்துவிட்டார். அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டேன். அண்ணியும் நானும்தான் அட்மின். காலை எட்டுக்கு ஒன்று, ராத்திரி எட்டுக்கு ஒன்று. பெரியப்பாவுக்குக் கோபம். "எங்களுக்கும் பையன்தானே கண்ணு" என்றார். ஆமாங்க பெரியப்பா. அவரை மட்டும் நானே தினமும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 21

தமிழ்நாட்டில் இன்று மட்டும் 36,184 பேருக்குத் தொற்று.

மே 22

நாளையும் இன்றும் கடைகள் திறந்திருக்குமாம், திங்கள் முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு. ரோட்டில் திருவிழாக் கூட்டம். வயிற்றைக் கலக்குகிறது.

ட்விட்டர் தேடலில் 'கோவை ஆக்சிஜன்' என்று போட்டால் கேட்பவர்கள்தான் வருகிறார்கள், கொடுப்பவர்கள் அடியில் புதைந்துவிடுகிறார்கள். நீடட், ரிக்வயர்ட் என்ற சொற்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தப் பதிவுகள் விலகிவிடும். பிறகு கழித்தலை எடுத்துவிட்டுக் கேட்பவர்களை மட்டும் பார்க்க ஒருவரை உட்காரவைத்தோம். அவர்களைத் தள்ளிவிட்டுப் போக இது சந்தை இல்லை.

மே 24

92. அண்ணி 'கஞ்சி குடிச்சார்' என்று மட்டும் எழுதியிருந்தார். பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார்.

மே 26

ஒரு நாள் தொற்றில் சென்னையைத் தாண்டிவிட்டது கோவை. இன்று ஷீட்டில் வெள்ளையாக நின்ற வரிசைகளை விரல் விட்டு எண்ணலாம்.

இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அவர்கள் பேச வேண்டிய நம்பர்களைப் பிரித்துக்கொண்டோம்.

மே 27

துடியலூர் பெண் கூப்பிட்டாள். அம்மா தேறிவிட்டாராம். ஃபார்மில் வருகிறவர்களோடு தானும் பேசட்டுமா என்று கேட்கிறாள். மேட்டுப்பாளையம் பக்கத்து நம்பர்களை அவளுக்குப் பிரித்துக் கொடுத்து, அந்த நாலு விசையையும் சொல்லிக்கொடுத்தேன். காலை ஆறரைக்கு முதல் சுற்று. பொள்ளாச்சிக்குத்தான் இன்னும் ஆள் இல்லை.