கலந்தாய்வுக்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் எங்கள் தங்கச்சிமடத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டித்தான் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்பாவை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டுமென்றால் வருடத்தில் இந்த 61 நாள்தான். அதிலும் பாதி நாள் வலையோடு உட்கார்ந்துவிடுவார்.

நான் ஆசைப்பட்டது தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. பி.எஃப்.எஸ்சி., மீன்வளத்தில் நாலு வருடப் பட்டப்படிப்பு. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த மீன் வாடை வேண்டாம்னுதான தாயி உன்னப் படிக்க வச்சேன்?" என்றார். அம்மாதான், "போய்ப் பாத்துட்டு வந்து வேண்டாம்னு சொல்லுங்க" என்று முடித்து வைத்தார். சித்தப்பாவின் குட்டி யானையை இரவல் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினோம். ஐஸ் பெட்டிகளை இறக்கியாயிற்று, வாடைதான் இறங்கவில்லை.

பாம்பன் பாலம் தாண்டி, ராமநாதபுரம் போய், அப்புறம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை. ஏர்வாடி வரைக்கும் அப்பா வாயே திறக்கவில்லை. சாயல்குடி தாண்டி ரோட்டோரம் நுங்கு வாங்கினோம். கட்டைவிரலால் நோண்டிக்கொண்டே, "படிச்சு முடிச்சா உன்னையும் கடலுக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டார். வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை போட்டோமே, அப்போதெல்லாம் இதை அவர் கேட்கவே இல்லை. போனில் குறித்துக்கொண்டேன். நீங்களும் அப்பா அம்மாவோடு போனால் வழியில் வருகிற கேள்விகளை எழுதி வையுங்கள். அங்கே போய்க் கேட்க வேண்டியது அவைதான்.

நாங்கள் செய்த தப்பு, சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போய் இறங்கியது. காலை பத்து மணிக்கு அங்கே இருக்கிற மாதிரிக் கிளம்புங்கள். நல்லவேளையாக, தெரிந்தவர் மூலம் பேசி வைத்திருந்த தொண்டிப் பக்கத்து அக்கா ஒருவர், மூன்றாம் வருடம், வந்து கூட்டிப் போனார். அப்பாவின் கேள்விக்கு அவர்தான் பதில் சொன்னார்: கடலுக்குப் போவது படிப்பில் ஒரு பகுதி மட்டும்தான். மீன் வளர்ப்பு, மீனுக்கு வரும் நோய், பிடித்த மீனைப் பதப்படுத்துவது எல்லாம் உண்டு. முடித்தவர்கள் மீன்வளத் துறை, இறால் பண்ணை, ஏற்றுமதிக் கம்பெனி என்று போகிறார்கள்.

அப்பா அதை அரைக்காதால்தான் கேட்டார். அவர் கண் அலமாரியில் இருந்தது. வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள், உள்ளே பார்மலினில் மீன்கள். ஒரு சாடியைக் குனிந்து பார்த்தார். மீன் வெளுத்துப்போய்ப் பழந்துணி மாதிரி இருந்தது. மோவாய்க்குக் கீழே இரண்டு மீசை. "நகரைல்ல இது? செவப்பெல்லாம் போயிருச்சே" என்றார். அக்கா ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "உபெனியஸ்ப்பா" என்றார். அடுத்த சாடிக்கு அப்பா காரல் என்றார், அக்கா ஒரு லத்தீன் பெயர் சொன்னார். அப்படியே அலமாரி முடியும்வரை போனார்கள். என்னை இருவருமே மறந்துவிட்டார்கள்.

காகித விஷயமும் அந்த அக்கா சொல்லித்தான் தெரியும். இதற்கான விண்ணப்பம் தனி. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிந்துவிட்டு இதுவும் அதில் வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிலும் சான்று வாங்க வேண்டும், லீவில் தலைமையாசிரியரைத் தேடுவது பெரும்பாடு. மீனவர் பிள்ளைகளுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில்தான் எனக்குச் சிக்கல்: மீனவர் அட்டையில் அப்பா பெயர் ஒரு மாதிரி, என் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி. ஒரு எழுத்துதான். அதைச் சரிசெய்ய மூன்று வாரம் அலைந்தோம். விண்ணப்பம் போடும் கடைசி நாளில் இது தெரிந்திருந்தால் அவ்வளவுதான்.

வண்டியில் போனதும் ஒரு வகையில் தப்புதான். ஜன்னல் காற்று, நுங்கு என்று தூரமே தெரியவில்லை. இப்போது கல்லூரியிலிருந்து பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர அரை நாள் போகிறது. ஒரு பக்கமாவது பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஹாஸ்டலில் தண்ணீர் எப்படி, சனிக்கிழமை வகுப்பு உண்டா என்பதை ஆபீசில் கேட்காமல் அங்கே படிக்கிறவர்களிடம் கேளுங்கள். கிளம்பும்போது ஒருவர் நம்பராவது வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேம்பார் தாண்டியதும், "அந்தப் புள்ள நகரைக்கு என்னமோ பேரு சொன்னுச்சே?" என்றார். எனக்கும் மறந்துவிட்டது. அக்காவுக்கு போன் போட்டேன்.