எம்.பி.க்கு வைத்த தூணில் எருது

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஹோல்கம் மாளிகையைச் சுற்றியுள்ள பூங்காவில் 120 அடித் தூண் ஒன்று நிற்கிறது. பெரிய நிலக்கிழார், அந்தக் கால விக் (Whig) கட்சியின் அரசியல்வாதி தாமஸ் வில்லியம் குக் (1754–1842) நினைவாக, குத்தகைக்காரர்களும் மற்றவர்களும் காசு போட்டு எழுப்பியது. அடியில் நாலு மூலையிலும் என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க? டெவன் இன எருது, சவுத்டவுன் இனச் செம்மறி, கலப்பை, விதைப்புக் கருவி!

இத்தனைக்கும் மனுஷன் 1776-இல் முதன்முதலாக எம்.பி. ஆகி, நடுவில் சில இடைவெளிகளோடு 1832 வரை நாடாளுமன்றத்தில் இருந்தவர், அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலையை அடக்க பிரிட்டன் நடத்திய போரை எதிர்த்தவர். ஆனால் பேர் வாங்கியது வயலில்தான். கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்ற தீவனப் பயிர் என வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிப் பயிரிடும் சுழற்சியை அவரே கண்டுபிடித்தார் என்பதெல்லாம் சும்மா, அது அவருக்கு முன்பே அங்கே இருந்தது. அவர் செய்தது, நீண்ட காலக் குத்தகை கொடுத்து, நல்லா உழுபவனுக்கு நிலத்தில் காசு போடும் தைரியத்தைத் தந்தது, அப்புறம் ஆண்டுதோறும் ஆட்டு ரோமம் வெட்டும் நாளில் ஊர் உலகத்தையே கூப்பிட்டு விருந்து வைத்து, என் வயலைப் பாருங்கள், ஆட்டைப் பாருங்கள் என்று காட்டியது. விளம்பரமும் தெரிந்த ஆள், சந்தேகமே இல்லை.

முதல் மனைவிக்கு மூன்றும் பெண்கள். மனைவி இறந்து இருபது வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தவர், 1822-இல் 67 வயசில் 18 வயசுப் பெண் ஆன் கெப்பலைக் கட்டினார். ஊர் என்ன பேசியிருக்கும்! அந்த வருஷக் கடைசியிலேயே ஆண் வாரிசு. 1837-இல் லெஸ்டர் பிரபு பட்டமும் வந்தது. அந்தப் பையன்தான் அடுத்த பிரபு.